ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டை நேர்த்தியான குடும்ப வீடாக்குவது: முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஆயிரம் சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், கால் வைத்து நடக்கக் கிடைப்பது எழுநூறு சொச்சம் சதுர அடிதான். அதற்குள் பெரியவர்கள், பிள்ளைகள், கிரைண்டர், சிலிண்டர், கொலுப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். வீடு நேர்த்தியாகத் தெரிய வேண்டுமானால் கண்ணில் படும் சாமான் குறைய வேண்டும். அதற்கு ஒவ்வொரு சாமானுக்கும் முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். மைக்கா (பலகை மேல் ஒட்டும் மெல்லிய ஷீட்) நிறமும் சீலிங் டிசைனும் அதற்குப் பிறகு வரும் விஷயங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: சாமான்களைக் கணக்கெடுங்கள்

டிசைனரிடமோ கார்பெண்டரிடமோ பேசுவதற்கு முன், இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு நோட்டோடு அறை அறையாகப் போங்கள். செருப்பு எத்தனை ஜோடி, ஹேங்கரில் மாட்டும் துணி எவ்வளவு, மடித்து வைப்பது எவ்வளவு, பட்டுப்புடவை எத்தனை, விருந்தாளிகளுக்கான பாய் தலையணை எத்தனை, சூட்கேஸ் எத்தனை, அண்டா குண்டான் எத்தனை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தினமும் எடுப்பதா, மாதத்துக்கு ஒரு முறையா, வருஷத்துக்கு ஒரு முறையா என்று குறியுங்கள்.

தினமும் எடுப்பவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை எடுப்பவை அதற்கு மேலும் கீழும் போகலாம். கொலுப்பெட்டி, சூட்கேஸ் போன்றவை லாஃப்டுக்கு. இந்தக் கணக்கு இல்லாமல் செய்த வார்ட்ரோப் எவ்வளவு அழகாக இருந்தாலும் சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்சம் டைனிங் டேபிள் மேல் ஏறும்.

படி 2: அளவெடுத்து, தரையில் பேப்பர் விரித்துப் பாருங்கள்

சுவருக்குச் சுவர் அளவைத் தரையோரம், இடுப்பு உயரம், மேல்மட்டம் என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். கட்டுமானச் சுவர்கள் சரியான நேர்கோட்டில் இருப்பதில்லை; அரை இன்ச், முக்கால் இன்ச் வித்தியாசம் சாதாரணம். மூன்றில் குறைந்த அளவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பீம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஜன்னலின் அடிமட்ட உயரம், ஸ்விட்ச் போர்டுகள், ஏசி பைப்புக்கான துளை ஆகியவற்றையும் குறியுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் குறிக்காமல் விட்டால், பிறகு கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் மாட்டிக்கொள்ளும்.

பிறகு சோபா, கட்டில், டைனிங் டேபிள் அளவுக்கு நியூஸ் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்து, நடந்து பாருங்கள். நடைபாதைக்கு 3 அடி. சோபாவுக்கும் சென்டர் டேபிளுக்கும் நடுவே 16 முதல் 18 இன்ச். சாப்பிடும் ஒருவருக்கு மேஜை விளிம்பில் 24 இன்ச், நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் 30 இன்ச்.

படுக்கையறையில்தான் அதிகம் இடறும். 10க்கு 11 அடி அறையில் 11 அடி நீளவாக்கில் கட்டிலும் எதிர்ச்சுவரில் வார்ட்ரோபும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டில் ஆறரை அடி, வார்ட்ரோப் 2 அடி. மிஞ்சுவது இரண்டரை அடி. அதில் 2 அடி அகல ஷட்டரை, அதாவது வார்ட்ரோப் கதவை, திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. ஷட்டர் ஒவ்வொன்றையும் 18 இன்ச்சுக்குள் வைக்கலாம். ஸ்லைடிங் போட்டால் ஷட்டர் வெளியே வராது, ஆனால் வார்ட்ரோபின் ஆழம் 26, 27 இன்ச் ஆகிவிடும். முடிந்தால் வார்ட்ரோபைப் பக்கச் சுவருக்கு மாற்றுவதே நல்லது.

படி 3: வேலைகளின் வரிசையை எழுதி ஒட்டுங்கள்

முதலில் அசோசியேஷன் அனுமதி. பிறகு இடிப்பு, கொத்து வேலை, மின்சாரத்துக்கும் பிளம்பிங்குக்கும் சுவரில் காடி (பள்ளம்) வெட்டுதல், ஏசி காப்பர் பைப், குளியலறை வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், பட்டி, பிரைமர், முதல் கோட் பெயிண்ட், மரவேலை, கடைசி கோட் பெயிண்ட், லைட், ஃபேன், திரைச்சீலை. ஏசி பைப்பைச் சீலிங்குக்குப் பிறகு நினைத்துக்கொண்டால் புதுச் சீலிங்கை வெட்ட வேண்டியிருக்கும். மரவேலை முடிந்தபின் பட்டி தேய்த்தால், அந்தத் தூசி டிராயர் சேனல்களுக்குள் எல்லாம் போய்ச் சிக்கும்.

தூண், பீம், ஸ்லாப் எதிலும் காடி வெட்ட விடாதீர்கள். நாலரை இன்ச் சுவரில் படுக்கைவாக்கில் நீளக் காடி வெட்டினால் சுவர் பலவீனமாகும். மேலிருந்து கீழாக இறக்குவதே முறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை. அந்த மாதங்களில் பட்டியும் பெயிண்டும் காய நாளாகும், பிளைவுட்டும் ஈரம் இழுக்கும். நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் பொங்கலுக்குப் பிறகு தொடங்குங்கள்.

படி 4: மின்சாரமும் வெளிச்சமும்

எந்த அறைக்கும் முதலில் பிளக் பாயிண்ட் வரைபடம் போடுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரு சாக்கெட்டும் ஒரு லைட் ஸ்விட்சும், ஃபேன் ஸ்விட்ச் வாசலருகிலும் கட்டிலருகிலும் என இரண்டு இடத்தில், டிவிக்குப் பின்னால் நான்கு சாக்கெட், ரவுட்டருக்கு ஒன்று, வாக்குவம் கிளீனருக்கு ஹாலில் ஒன்று. வயர் அளவு: லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4. ஏசி, கீசர், இண்டக்‌ஷன், ஓவன் ஆகியவற்றுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், தனித்தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் ஸ்விட்ச்). மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் எந்தக் குடும்ப வீட்டையும் முடிக்கக் கூடாது. ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். எம்சிபி அந்த வேலையைச் செய்யாது.

வெளிச்சத்தில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: சீலிங் முழுக்க வெள்ளை வெளேரென்று 6500 கெல்வின் விளக்குகள். மரமும் துணியும் அந்த ஒளியில் வெளிறித் தெரியும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் சாயலுள்ள 2700 முதல் 3000 கெல்வின். சமையலறைக்கும் படிக்கும் மேஜைக்கும் 4000. ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 என்று இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். புடவை எடுத்துப் பார்க்கும் வார்ட்ரோப் முன்னால் இது மிக முக்கியம்.

நம் வீடுகளில் ஃபேன் தவிர்க்க முடியாது, அதனால் விளக்குகளின் இடத்தை ஃபேனை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை சுற்றும். அந்த வட்டத்துக்கு மேலே டவுன்லைட் வந்தால் இறக்கையின் நிழல் அறை முழுக்கப் படபடக்கும், தலைவலி வரும். ஃபேன் மையத்திலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, சுவரிலிருந்து 2 முதல் இரண்டரை அடி விட்டு விளக்குகளை வையுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் முழு அறைக்கும் தேவையில்லை. ஒன்பதரை அடி உயர அறையில் ஓரங்களில் மட்டும் ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு, 5 இன்ச் இறக்கிச் செய்தால் நடுப்பகுதி உயரமாகவே இருக்கும். ஃபேனும் ஸ்லாபின் கொக்கியிலேயே தொங்கும். ஜிப்சம் போர்டில் ஃபேனை மாட்டவே கூடாது. இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே வரக் கூடாது. ஓர விளிம்பில் எல்இடி ஸ்ட்ரிப் வைப்பதானால் அலுமினியப் பட்டைக்குள் வையுங்கள்; 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து போனால் கடைசியில் மங்கிவிடும். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டிதான் முதலில் பழுதாகும். அதைச் சீலிங்குக்குள் அடைத்து மூடாமல், கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

படி 5: சமையலறை

மேடை உயரம் சமைப்பவரின் முழங்கையை வைத்து முடிவாக வேண்டும். நேராக நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் 5 இன்ச் கழியுங்கள். பலருக்கும் இது 33, 34 இன்ச் பக்கம் வரும். மேடை ஆழம் 24 இன்ச். மேல் கப்போர்டு மேடையிலிருந்து 22 முதல் 24 இன்ச் மேலே தொடங்கலாம், ஆழம் 12 முதல் 14 இன்ச். அதற்கு மேல் ஆழம் போனால் தலை இடிக்கும்.

சிங்க்கை ஒரே பெரிய தொட்டியாக எடுங்கள். 24க்கு 18 இன்ச், ஆழம் 9 இன்ச் இருந்தால் குக்கரும் இட்லிப் பானையும் படுக்கும். இரட்டைச் சிங்க்கில் இரண்டு பக்கமும் எதுவும் முழுதாகக் கழுவ முடியாது. டேபிள் டாப் கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். தினமும் தூக்கி வைப்பது நடக்காத காரியம். மேடையின் ஒரு மூலையைக் கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் நிரந்தரமாகக் கொடுத்து, அங்கேயே சாக்கெட் வையுங்கள். முன்னால் ஒரு ரோலிங் ஷட்டர் போட்டால் சமையலறை சட்டென்று மாடர்னாகத் தெரியும்.

சிம்னி அடுப்புக்கு மேல் 26 முதல் 30 இன்ச். வெளியேற்றும் குழாய் 6 இன்ச். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும், அதனால் அடுப்பின் இடத்தை வெளிச்சுவருக்கு அருகில் முடிவு செய்யுங்கள்.

சிலிண்டர் பகுதிக்குக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் சிலிண்டர் கப்போர்டின் ஷட்டரில் காற்றுத் துளை கீழ்ப்பக்கம் இருந்தே ஆக வேண்டும். உள்ளே எந்தச் சாக்கெட்டும் சுவிட்சும் வரக் கூடாது. உள் அகலம் 16 இன்ச் இருந்தால் சிலிண்டரை நகர்த்தவும் ரெகுலேட்டரைத் திருகவும் வசதி. சிலிண்டர் நிற்கும் இடத்தில் பலகை வேண்டாம், டைல்ஸ் தரையே போதும்.

சிங்க்கின் அடியிலும் அப்படித்தான். எவ்வளவு நல்ல பிளைவுட் போட்டாலும் கசியும் ஒரு ஜாயிண்ட் சில மாதத்தில் அதை ஊற வைத்துவிடும். அங்கே அடிப்பலகை இல்லாமல் விடுங்கள், பக்கப் பலகைக்கு டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தள வீடு என்றால், கீழ் கப்போர்டு முழுவதையும் டபிள்யூபிசியில் செய்வதோ, கடப்பா அல்லது கிரானைட் தடுப்பு வைத்து ஷட்டர் மட்டும் போடுவதோதான் அறிவுடைமை.

படி 6: மரவேலை

செலவில் பெரும்பங்கு இங்கே போகிறது, ஏமாற்றமும் இங்கேதான் நடக்கிறது. முதலில் பிளைவுட். ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையில் எம்ஆர், பிடபிள்யூஆர் என்று இரண்டு தரம் உண்டு. எம்ஆர் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பிடபிள்யூஆர் கொதிநீரையும் தாங்கும் தரம். ஐஎஸ் 710 என்பது மரைன் தரம். 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. சமையலறைக்கும் குளியலறையை ஒட்டிய வார்ட்ரோபுக்கும் 710. மற்ற அறைகளுக்கு பிடபிள்யூஆர் போதும். கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு வாங்கி வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். விளிம்பில் அடுக்கு பிரிந்தால் முத்திரையில் என்ன இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரும் ஷீட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். 18 என்று சொல்லி 16 மி.மீ. இறங்குவது உண்டு.

6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழமுள்ள வார்ட்ரோபுக்கு 18 மி.மீ. ஷீட், 8க்கு 4 அடி, சுமார் ஐந்து ஆகும். பின்பலகைக்கு 6 மி.மீ. ஷீட் இரண்டு. இந்தக் கணக்கு கையில் இருந்தால், எட்டு ஷீட் கேட்கும்போது எதற்கு என்று கேட்க முடியும். டிராயர்களுக்கான 12 மி.மீ. தனி.

வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் உள்ளேயும் 0.8 மி.மீ. லைனர் (உள்பக்கத்துக்கான மைக்கா) ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மைக்கா, மறுபக்கம் வெறும் பெயிண்ட் என்றால் பலகையின் இரண்டு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் இழுக்கும், ஷட்டர் வளையும். 7 அடி ஷட்டர் வளைந்து மேல்முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். நீள ஷட்டர்களுக்கு நல்ல பிளாக் போர்டு (நடுவில் மரக்கட்டைகள் அடுக்கிய பலகை) பயன்படுத்துவது இன்னும் பாதுகாப்பு. கீல் எண்ணிக்கை: 3 அடி வரை இரண்டு, 5 அடி வரை மூன்று, ஆறரை அடி வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. ஒன்று குறைத்தாலும் ஒரு வருஷத்தில் ஷட்டர் தொங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோர வீடுகளில் கீலும் ஸ்க்ரூவும் எளிதில் துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 ஸ்டீலாகவே இருக்கட்டும்.

பலகை விளிம்புகளை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை மெஷினில் ஒட்டியதா, கையில் ஒட்டியதா என்று கேளுங்கள். கையில் ஒட்டியது சமையலறைச் சூட்டில் சீக்கிரம் கிளம்பும்.

குளியலறைச் சுவரை ஒட்டி வார்ட்ரோப் வைப்பது ஃபிளாட்டுகளில் தவிர்க்க முடியாமல் நடக்கிறது. அந்தச் சுவரில் ஓதம் இருந்தால் முதலில் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும், பிறகு பட்டுப்புடவையில் வாடை. மரவேலைக்கு முன் குளியலறைத் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்து மறுபக்கச் சுவரையும் கீழ்வீட்டுச் சீலிங்கையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அதைச் சரி செய்யாமல் ஒரு பலகையும் ஏற்றக் கூடாது. ஈரம் இல்லாவிட்டாலும் சுவருக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் கோட் அடித்து, டபிள்யூபிசி பட்டைகள் வைத்து ஓர் இன்ச் இடைவெளி விட்டுப் பின்பலகையைப் பொருத்துங்கள்.

உள் பிரிவு: சட்டைக்கு 40 இன்ச் உயரம், நீள உடைகளுக்கு 60. புடவைக்கு உங்கள் வீட்டில் மடிக்கும் முறைப்படி ஒன்றை ஹேங்கரில் போட்டுத் தொங்கவிட்டு அளந்து சொல்லுங்கள்.

கொட்டேஷனில் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: சதுர அடிக் கணக்கு ஷட்டர் முகப்பை மட்டும் அளந்தா, உள்ளே இருக்கும் பலகைகளையும் சேர்த்தா? இரண்டுக்கும் தொகை வெகுவாக மாறும். லாஃப்ட் ஷட்டர், கீல், சேனல், கைப்பிடி, உள் லைனர் இவை அதில் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிறத்துக்கு ஒரு யோசனை: முழு வீட்டுக்கும் மூன்று மைக்காவுக்கு மேல் வேண்டாம். ஒரு மர நிறம், ஒரு வெளிர் நிறம், வேண்டுமானால் ஓர் அடர் நிறம். அறைக்கு ஒரு நிறம் என்று போனால் சிறிய ஃபிளாட் இன்னும் சிறியதாகத் தெரியும். பளபளப்பு மைக்காவில் கைரேகையும் கீறலும் அப்பட்டமாகத் தெரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மேட் தான்.

படி 7: ஹாலும் பூஜையும்

55 இன்ச் டிவிக்கு 7 அடி தூரம் வேண்டும். நடுப்பகுதி தரையிலிருந்து 40, 42 இன்ச்சில் இருந்தால் சோபாவில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக வரும். சுவர் முழுக்க டிவி யூனிட் செய்வதைவிட, கீழே 5 அடி நீளத்துக்கு ஒரு டிராயர் பெட்டி மட்டும் தொங்கவிட்டு, வயர்களைச் சுவருக்குள் ஒரு குழாய் வழியே இறக்குங்கள். மிச்சச் சுவர் காலியாக இருக்கட்டும்.

நம் ஊர்ப் பொருள் இரண்டு மூன்று வந்தால் ஹாலுக்குத் தனி முகம் கிடைக்கும். பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், பிரம்புப் பின்னல் வைத்த செருப்பு அலமாரிக் கதவு. பிரம்புப் பின்னலில் அழகோடு காற்றோட்டமும் உண்டு. மழைக்காலச் செருப்பு நாற்றம் தங்காது. ஆத்தங்குடிக் கல்லை நுழைவாயிலிலோ பூஜை மாடத்தின் முன்போ மட்டும் பதிக்கலாம். ஆனால் அது விட்ரிஃபைடு டைல்ஸைவிடத் தடிமன் அதிகம். கொத்தனாரிடம் முன்பே சொல்லி அந்த இடத்துக் கலவையைக் குறைத்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்தில் வரும். சிமெண்ட் கல் என்பதால் ஆசிட் கிளீனர் ஊற்றினால் மேற்பரப்பு அரித்துவிடும். துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் மினுமினுப்பு ஏறும்.

பூஜை அலமாரியில் விளக்கு வைக்கும் தட்டுக்கு மைக்கா கூடாது; கிரானைட் வையுங்கள். சுடருக்கு நேர் மேலே தட்டோ சீலிங் பலகையோ இல்லாமல் திறந்து விடுங்கள். கரியும் சூடும் முதலில் அங்கேதான் பாதிக்கும்.

ஊஞ்சல் வேண்டுமானால் கொக்கி பீமிலோ ஸ்லாபிலோ ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் தலா 3 அடி இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத ஹாலில் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலுக்கு ஒட்டி மாட்டாமல் சீலிங்குக்கு அருகில் மாட்டி, இருபுறமும் 6 இன்ச் தள்ளி நீட்டுங்கள். துணி அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு, நீளம் தரைக்கு அரை இன்ச் மேலே. கொசு வலையை ஜன்னல் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு ஒட்டும் வலை எந்த ஜன்னலையும் அசிங்கமாக்கும்.

படி 8: பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

குளியலறை டைல்ஸ் கரடாக இருக்க வேண்டும். கடையில் ஆர்10 அல்லது ஆர்11 (வழுக்காத தன்மையின் அளவு) என்று கேளுங்கள். கமோடு பக்கத்தில் பிடிகம்பி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையோர இரவு விளக்கு. கட்டில் மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 இன்ச் உயரம் இருந்தால் முழங்கால் வலி உள்ளவரும் எளிதாக எழுந்திருப்பார். பிள்ளைகள் அறையில் உயர அலமாரிகளைச் சுவரோடு திருகி விடுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் வெள்ளைப் படலம் படியும். தினமும் துடைக்க ஆளில்லை என்றால் வேண்டாம்.

படி 9: பெயிண்ட்

உப்புப் பூத்த சுவருக்கு மேல் பெயிண்ட் அடித்தால் அது உரியத்தான் செய்யும். முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. 10க்கு 12 அடி அறையின் சுவர்களுக்கு இரண்டு கோட்டுக்குச் சுமார் 6 லிட்டர் போதும். நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், சுவரிலேயே 2 அடிச் சதுரத்துக்கு அடித்துக் காலை, மாலை, இரவு விளக்கொளி மூன்றிலும் பாருங்கள்.

படி 10: ஒப்படைக்கும்போது

பில்லில் பத்துச் சதவீதத்தைக் கடைசி வரை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு ஷட்டரையும் பாதி திறந்து விடுங்கள். தானாக நகர்ந்தால் கீல் சரிசெய்ய வேண்டும். டிராயர்களைப் பாரத்தோடு இழுத்துப் பாருங்கள். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆகி மின்சாரம் நிற்க வேண்டும். ஏசி வடிகால் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வெளியே வந்து சேர வேண்டும். வரவில்லை என்றால் சரிவு தப்பு, கோடையில் அது ஹால் சுவரில் வழியும்.

ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஐந்தாறு, மிச்சமிருக்கும் மைக்கா துண்டுகள், பெயிண்டின் நிற எண் எல்லாவற்றையும் லாஃப்டில் ஒரே பெட்டியில் போடுங்கள். சுவரை மூடுவதற்கு முன் வயரும் பைப்பும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்திருக்க வேண்டும். படம் மாட்ட ட்ரில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் போட்டோவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.